தொப்பி இல்லாத தலைவர்

பழைய காசு வியாபாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன கூட்டத்தில் என்னை மேடையேற்றி, "மூத்தவர், அனுபவசாலி, நாலு வார்த்தை பேசுவார்" என்றீர்கள். எழுந்து நின்றேன். பல் செட்டின் மேல் வரிசை கழன்று கீழ் வரிசையோடு சண்டைக்குப் போய்விட்டது. முதல் வார்த்தையே வெறும் காற்றாக வந்தது. நீங்களும் கை தட்டிவிட்டீர்கள். இந்தத் தொழிலில் நான் வாங்கிய கைதட்டல் அது ஒன்றுதான். அதுவும் பேசாமல் உட்கார்ந்ததற்கு. எழுத்தில் பல் கழலாது என்பதால் அந்த நாலு வார்த்தையை இப்போது எழுதுகிறேன். நாலுக்கு மேல் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காசு என்ன உலோகம், எது போலி, எதை எந்த உறையில் போடுவது என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் செல்போனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குத் தெரியாத ஒன்று, எதிரே உட்கார்ந்திருக்கும் மனுசரிடம் விலையைச் சொல்வது எப்படி என்பது. அது எனக்கும் தெரியாது. கடைசிவரை தெரியாமலே கடையை மூடியவன் நான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் தறிக்காரர் மகன். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை என்று அப்பா விரட்டியதில், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய காசுக் கடையில் வந்து விழுந்தேன். கடைக்காரர் முதல் நாள் என் கையில் ஓர் அரை ரூபாயை வைத்தார். நாட்டின் பெரிய தலைவர் ஒருவரின் முகம் போட்ட காசு.

அந்தச் சின்னக் காசுக்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் காசில் ராசா தலை இருந்தது, கிரீடத்தோடு. சுதந்திரம் வந்ததும் இனி ஆள் தலையே வேண்டாமென்று சிங்கத்தைப் போட்டார்கள். சிங்கத்துக்குச் சனம் பழகிக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தலைவர் காலமானார். அவர் நினைவாக ரூபாயிலும் அரை ரூபாயிலும் அவர் முகம் வந்தது. சுதந்திர நாட்டின் புழக்கக் காசில் ஏறிய முதல் மனிதத் தலை அது. உயிரோடு இருந்தவரை அவரைத் தொப்பி இல்லாமல் நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சுவரில், நாள்காட்டியில், எங்கும் வெள்ளைத் தொப்பிதான். காசில் மட்டும் வெறுந்தலையோடு, பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, தொப்பிய மறந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"செத்தவருக்கு எதுக்குடா தொப்பி?" என்றார் கடைக்காரர். "ராசா உசுரோட இருக்கையிலயே காசுல வருவான். நம்ம தலைவருங்க செத்தாத்தான் வருவாங்க. காசுல மொகத்தப் பாத்தீன்னா ஆளு இல்லைன்னு தெரிஞ்சுக்க."

அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். விலை சொல்லுமுன் காசு எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டுவிட வேண்டும். வந்த வழி தெரியாமல் விலை சொன்னால் வம்பு நம் மேல் விழும். அவருக்குப் பின் கடை என் கைக்கு வந்த பிறகும் ஆயுள் முழுக்கக் கேட்டேன். ஆனால் வந்த வழியைக் கேட்ட பிறகும் வம்பு விழும் என்பதை அவர் சொல்லிவைக்கவில்லை.

காசு கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்றுதான் கொண்டுவருவார்கள். தேய்த்த காசுக்கு மதிப்புப் போய்விடும் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆத்தூரிலிருந்து வந்த மரவள்ளி வியாபாரி ஒருவரிடம், "ஏன் தேய்ச்சீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா மூஞ்சி கழுவாம நிக்க வெக்க முடியுமா?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குப் பெண் பார்த்த அன்று நானே முகத்துக்கு இரண்டு முறை பவுடர் போட்டவன். மதிப்பு கூடவில்லை என்பதை என் மனைவி இன்றும் சொல்வாள்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

கடையை மூடுவதற்கு முந்தின வருடம். ஒரு பகல் நேரம், வாசலில் கார் வந்து நின்றது. எருமப்பட்டிப் பக்கத்து ஊர். அண்ணன் பொன்னுசாமி காரை ஓட்டி வந்திருந்தார். கோழிப்பண்ணைக்காரர், வெள்ளைச் சட்டை. தம்பி ரமேசு பின்சீட்டிலிருந்து இறங்கினார். இறங்கும்போது இன்னொருவரின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இறங்கினார். அந்த இன்னொருவர் மாரி. அந்த ஊர் மயானத்தில் குழி வெட்டுவது, சிதை அடுக்குவது எல்லாம் அவர் வேலை. அவர்கள் காரில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. மாரி துண்டில் முடிந்திருந்த ஒரு காசை விடவில்லை. இவர்கள் மாரியை விடவில்லை. மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

கடைக்காரர் சட்டப்படி, காசு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"எங்கய்யன் வெச்சிருந்த காசுங்க" என்றார் பொன்னுசாமி. "அந்தத் தலைவர் செத்தப்ப வந்த காசுன்னு, செலவே பண்ணாம மடியிலயே வெச்சிருந்தாருங்க. அய்யன் போனப்ப, அவரு காசு அவரோடயே போகட்டுமுன்னு அம்மா எடுத்து நெத்தியில வெச்சுட்டாங்க."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். இறந்தவர் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் ஒரு காசு ஒட்டுவோம். சுடுகாடு வரை அந்தக் காசு போகும். அங்கே வேலை செய்கிறவர் அதை எடுத்துக்கொள்வார். நெற்றிக்காசு திரும்பி வீட்டுக்கு வராது, வரவும் கூடாது.

"அப்ப காசு மாரியோடதுதானுங்களே" என்றேன்.

"வெறுங்காசுன்னா அவனோடதுதானுங்க" என்றார் ரமேசு. "இது அஞ்சு லச்சமுங்க." செல்போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். தொப்பி இல்லாத தலைவர் காசு, அச்சடித்தபோது நடந்த தவறு, தொப்பியைப் போட மறந்துவிட்டார்கள், காந்தத்தில் ஒட்டினால் அசல், உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி. நான் கடையில் சேர்ந்த முதல் நாள் கேட்ட அதே முட்டாள் கேள்வியை வைத்து ஒருவன் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தான். எனக்கு அந்த யோசனை தோன்றாமல் போனதே என்று ஒரு நிமிடம் பொறாமைகூட வந்தது.

"மாரி, காசக் காட்டுங்க."

மாரி துண்டு முடிச்சை அவிழ்த்தார். அரை ரூபாய். நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து, தலைவரின் காதோரம் இன்னும் ஒட்டியிருந்தது. என் அனுபவத்தில் புளி படாமல் வந்த ஒரே தலைவர் காசு அதுதான். அத்தனை அழகாகக் காசைப் பாதுகாத்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"அறுவது ரூவா போகும்" என்றேன்.

 

"ஒட்டுதுங்க" என்றார் ரமேசு. சட்டைப்பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்துக் காசைத் தூக்கிக் காட்டினார்.

"நிக்கல்ங்க. ஒட்டத்தான் செய்யும்."

"தொப்பி இல்லீங்களே?"

"எந்தக் காசுலயும் இல்லீங்க. அடிச்சதே அப்பிடித்தான். லச்சக்கணக்குல அடிச்சாங்க."

"பள்ளிக்கூடத்துப் படத்துல இருந்துச்சுங்களே" என்றார் பொன்னுசாமி. தொப்பியை நான் திருடி ஒளித்துவைத்த மாதிரி பார்த்தார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளைப் பற்றி என் மனைவிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது சரிதான் என்று அன்று ருசுவாயிற்று. கடையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய, புளி பட்டு மதிப்புப் போன அதே தலைவர் காசு கிடந்தது. தொப்பி இல்லாத தலைவர் எத்தனை மலிவு என்று கண்ணால் பார்த்தால் தெளிந்துவிடுவார்கள் என்று நினைத்து, டப்பாவை மேசைமேல் கவிழ்த்தேன். நூற்றுக்கணக்கான வெறுந்தலைகள் உருண்டன. சில கீழே விழுந்து, பெஞ்சுக்கடியில் ஓடி, சுற்றி, படுத்தன.

"வேணுங்கறத எடுத்துக்கங்க" என்றேன். "ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கங்க."

மூன்று பேரும் மேசையையே பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அண்ணன், தம்பி, மாரி மூன்று பேரும் ஒத்துப்போனது அன்று முழுக்க அந்த ஒரு பார்வையில்தான்.

"ஒண்ணுக்கும் ஆகாததுன்னா நீங்க எதுக்குங்க இத்தன சேத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் பொன்னுசாமி.

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அன்று என்னிடம் இல்லை. கடை வாசலில், 'பழைய காசு நல்ல விலைக்கு வாங்கப்படும்' என்று என் காசில் பலகை எழுதி மாட்டியிருந்தவன் நான். உள்ளே உட்கார்ந்துகொண்டு பழைய காசுக்கு விலை இல்லை என்றால் எவர் நம்புவார்? நானே நம்பியிருக்க மாட்டேன்.

வேறு வழியில் போய்ப் பார்த்தேன். "நெத்திக்காச ஊட்டுக்குள்ள எப்பிடீங்க கொண்டு போவீங்க? தீட்டில்லீங்களா?"

"அறுவது ரூவாய்க்குத் தீட்டுங்க" என்றார் பொன்னுசாமி. "அஞ்சு லச்சத்துக்குக் கழுவிக்கலாமுங்க."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு. அவர் எழுந்துவிட்டார். "செரி, ஊர்ல வெச்சுப் பேசிக்கறோம். ரமேசு, வண்டியத் திருப்பறேன், இவனக் கூட்டியா" என்று வெளியே போனார். கார் நின்ற இடத்தை மாட்டுவண்டி ஒன்று மறித்திருந்ததால் ரமேசும் வாசல்வரை போனார். மாரி என் பக்கம் குனிந்தார்.

"சாமி, நல்லாச் சொன்னீங்க" என்றார் மெதுவாக. "அவிங்க கிட்ட அப்பிடித்தான் சொல்லோணும். இப்ப என்ற கிட்ட நெசத்தச் சொல்லுங்க. எம்புட்டுப் போகும்?"

"அறுவது ரூவாதான் மாரி."

"புள்ள நர்சுக்குப் படிக்கோணுமுங்கறா சாமி. நாலுல ஒரு பங்கு வந்தாக்கூடப் போதும். மிச்சத்த நீங்களே வெச்சுக்கங்க."

"சத்தியமாச் சொல்றேன். அறுவதுதான்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இப்போது இத்தனை வருத்தம் இருக்காது. "நீங்களும் அவிங்க பக்கந்தானுங்களா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை முடிந்துகொண்டார். என் கடையின் முகவரி அட்டை ஒன்று மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரமேசு வந்து கேட்குமுன் தானாகவே மணிக்கட்டை நீட்டினார்.

ஒரே உண்மையை இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர், நான் மலிவாக அமுக்கப் பார்க்கிறேன் என்று நினைத்தார். இன்னொருவர், நான் பெரிய இடத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தார். பொய் சொல்லியிருந்தால் ஒருவராவது நம்பியிருப்பார். ஐயாயிரம் தருகிறேன், மாரிக்குப் பாதி, உங்களுக்குப் பாதி என்று சொல்லி முடித்திருக்கலாமே என்று படுக்கையில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். உடனே பொன்னுசாமியின் குரலும் கேட்கும்: "ஐயாயிரம் குடுக்கறான்னா, அம்பது லச்சம் போகுமாட்ட இருக்குது." சரி என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஊரில் கூட்டம் போட்டார்கள். காசைக் கொடு, இல்லாவிட்டால் ஊரில் இருக்காதே என்று தீர்ப்பு. மாரி இரண்டாவதை எடுத்துக்கொண்டார். காசையும் கொடுக்காமல் சண்டையும் போடாமல், பெண்டாட்டி பிள்ளையோடு திருப்பூருக்குப் போய்விட்டார். ஒரு சாயப்பட்டறையில் வேலை. மகள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனாள். மயானத்து வேலைக்கு அவர் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த ஊருக்கு வர மறுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாரியே சொன்னார். அட்டையில் இருந்த எண்ணுக்கு அவ்வப்போது கூப்பிடுவார்.

"ஏனுங்க சாமி, இப்ப வெல ஏறியிருக்குங்களா?"

"இல்லீங்க மாரி. அதே அறுவதுதான்."

"செரீங்க." கொஞ்சம் சிரிப்பார். "நீங்க இன்னும் அவிங்க பக்கந்தானுங்க."

கடையை மூடிவிட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில், மகன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். பலகையைக் கழற்றி விறகுக்குப் போட்டேன். பிஸ்கட் டப்பா மட்டும் கட்டிலுக்கடியில் வந்துவிட்டது. மருமகள் அதில் பிஸ்கட் இருக்கிறதென்று நம்பி, எனக்குச் சர்க்கரை கூடும்போதெல்லாம் அதைத்தான் சந்தேகப்படுகிறாள்.

போன வருடம் ஒருநாள் காலையில் ரமேசு வீட்டை விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"அம்மா தவறிட்டாங்க" என்றார். "அய்யனுக்கு வெச்ச காசாட்டவே எனக்கும் வெய்யின்னு சொல்லிட்டே இருந்தாங்க. உங்க கிட்ட ஒண்ணு வாங்கிட்டுப் போலாமுன்னு வந்தேன்."

டப்பாவைத் திறந்து நீட்டினேன். அன்று லட்சக்கணக்கில் மதிப்புப் போட்ட கை, இன்று மேலாக இருந்த ஒன்றை எடுத்து மூடிக்கொண்டது. விலை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் நான் ஒழுங்காக விலை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

போகாமல் நின்றார். "மாரி நெம்பர் இருக்குங்களா? ஊர்ல ஆருமே வரமாட்டேங்கறாங்க. அண்ணனுக்குத் தெரியாமத்தான் கேக்கறேன்."

நானே கூப்பிட்டேன். எனக்குக் காது மந்தம் என்பதால் போனை எப்போதும் சத்தமாகவே வைத்திருப்பேன். ரமேசுக்கும் கேட்டது.

"ஏனுங்க சாமி, நீங்களே கூப்பிடறீங்க. வெல ஏறிருச்சுங்களா?"

"இல்லீங்க மாரி. அந்தம்மா போயிட்டாங்க. சின்னவர் இங்க நிக்கறார். வந்து செஞ்சு குடுக்கணுமுன்னு கேக்கறார்."

 பட்டறையின் இரைச்சலுக்கு நடுவே சொன்னார்: "நல்ல அம்மாங்க. அந்தக் காச நெத்தியில வெக்கறப்ப நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன். என்னையப் பாத்து, 'பத்தரமா வெச்சுக்க மாரி'ன்னு சொன்னாங்க."

ரமேசு தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்குக் கடையில ஏன் மாரி இதச் சொல்லல?"

"சொன்னா அந்தம்மாவையுங் கார்ல ஏத்திட்டு வந்திருப்பாங்க சாமி."

 அவரே கேட்டார்: "அந்தம்மாவுக்கு நெத்தியில என்ன காசு வெக்கறாங்க?"

ரமேசின் மூடிய கையைப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம். சிங்கம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

"அதே தலைவர் காசுதான். அந்தம்மா கேட்டாங்களாம்."

"அப்ப நான் வரலீங்க" என்றார் மாரி. "ஒரு தலையே என்னால செமக்க முடியலீங்க சாமி."

வைத்துவிட்டார். ரமேசு கையைத் திறந்து காசைப் பார்த்தார். பிறகு, "வேற காசு வெச்சா வருவாரான்னு கேட்டுப் பாருங்க. அம்மா கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். மறுபடி கூப்பிட்டேன். போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. இன்றுவரை அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. விலை ஏறியதா என்று கேட்க இப்போது எனக்கு யாரும் இல்லை.

அந்தம்மாவை வேனில் ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டுபோய், எரிவாயு தகன மேடையில் எரித்தார்கள். உள்ளே அனுப்புமுன் நெற்றிக்காசை எடுத்துவிடச் சொன்னார்களாம். எடுத்தார்கள். அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. ரசீது போடும் பையன், "எனக்கு வேண்டாங்க" என்று பின்வாங்கிவிட்டான். பொன்னுசாமி கையில் வைத்துக்கொண்டே நின்றாராம். பையில் போட்டால் வீட்டுக்கு வந்துவிடும். கீழே போட மனசில்லை. அஞ்சு லட்சத்துக்குத் தீட்டைக் கழுவிக்கொள்ளலாம் என்று சொன்னவர்தான்.

கடைசியில் அண்ணனும் தம்பியும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வரவில்லை. பொன்னுசாமி வாசல் திண்டில் காசை வைத்தார். "உங்க காசு, நீங்களே வெச்சுக்கங்க" என்றார். எதற்காகவோ கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அந்தக் காசை டப்பாவில் போட்டேன். அதில் இருந்த மற்றத் தலைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. எது அந்தக் காசு என்று இப்போது எனக்கே தெரியாது.

உங்களில் இரண்டு பேர் அந்த டப்பாவை மொத்தமாக விலைக்குக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவும் எழுதியது அதற்குப் பதிலாகத்தான். தர முடியாது. ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், அதுதான் தொழில். அதில் ஒன்றுக்கு மட்டும் நான் பதில் சொல்ல முடியும். அது எது என்று காட்ட முடியாது.

என் காரியத்துக்கு வீட்டில் சொல்லிவைத்துவிட்டேன். நெற்றியில் சந்தனம் மட்டும் போதும், காசு வேண்டாம். மகன் காரணம் கேட்டான். வழுக்கைத் தலைடா, வைத்தாலும் நிற்காது, உருண்டுவிடும் என்றேன். அவன் சிரித்தான். அதையாவது ஒருவன் நம்பினானே.